தண்ணீரைச் சுழற்றிய மதியம்

நம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இந்நேரம் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜை ஓட்டப் பழகியிருப்பீர்கள். ரத்தம் உள்ள சோதனைக் குழாயை ஒரு பக்கம் வைத்தால் எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொரு குழாய் வைக்க வேண்டும். மூடி பூட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். சுழற்சி நிற்கும்வரை கையை உள்ளே விடக் கூடாது. இதெல்லாம் சொல்லித்தந்திருப்பார்கள். பயம் வரும்போது அதை ஓட்டாதீர்கள் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் காரியத்தை இதுவரை நான் ஒருவன்தான் செய்திருக்கிறேன் என்பதால் பயிற்சிக் குறிப்பில் அது ஏறவில்லை.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போகிற ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவது வழக்கம். எனக்கும் பேசினார்கள். எந்த நெருக்கடியிலும் சிரித்த முகமாக இருப்பாராம். உண்மையில் என் பல்வரிசை அப்படி. வாயை மூடினாலும் சிரிப்பது போலத்தான் தெரியும். நான் மிகவும் பயந்துபோயிருந்த ஒரு மதியத்தில் அந்த முகத்தைப் பார்த்து ஒருவர், "என்ன சார், இளிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த மதியத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நாம் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். மனச்சோர்வு நோய் உள்ளவர்களின் ரத்தத்திலும் இல்லாதவர்களின் ரத்தத்திலும் சில புரதங்களின் அளவு வேறுபடுகிறதா என்று பார்க்கிறோம். வேறுபடத்தான் செய்கிறது, ஆனால் கூட்டத்தோடு கூட்டத்தை ஒப்பிடும்போது மட்டும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போகிற வண்டிகளின் சராசரி வேகம் கீழே சாலையில் போகிறவற்றைவிட அதிகம்தான். அதற்காக ஒரு வண்டியின் வேகத்தை மட்டும் சொல்லி, அது மேலே போனதா கீழே போனதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அதனால்தான் கலந்துகொள்கிறவர்களுக்கு அவரவர் அளவைச் சொல்வதில்லை என்று விதி வைத்திருக்கிறோம். ரத்தம் எடுக்கும் முன்பே அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்குகிறோம். கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அது தெரியும். அவர் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீலசந்திராவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பெயர் வேண்டாம். மனைவி பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் முன்னால் தனியாக வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, இங்கே மாலையில் நோயாளிகளைப் பார்க்கும் மனநல டாக்டரம்மாவிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். மாத்திரை தொடங்கியிருந்தது. அன்று டாக்டரம்மாவோடு இரண்டாவது சந்திப்பு. கூடவே கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர், சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. வந்ததும் நாற்காலியைக்கூடப் பார்க்கவில்லை.

"சார், கீழ ஆட்டோ வெயிட்டிங்ல நிக்குது. ஒரே ஒரு விஷயம். இவ ரத்தத்துல இருக்கா, இல்லையா?"

"எது சார்?"

"அதான். டிப்ரஷன்."

நான் விதியைச் சொன்னேன். இது ஆராய்ச்சி, தனி ஆளுக்கு ரிசல்ட் கிடையாது என்று நல்ல தமிழிலும் கெட்ட ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா டீச்சரம்மா? இருந்தா சொல்லமாட்டாங்களா? ஒண்ணும் இல்ல. எழுந்திரு. மாத்திரையத் தூக்கிப் போடு, ஊருக்குப் போய் உங்கண்ணன் வீட்ல பத்து நாள் இரு, எல்லாம் சரியாயிடும்."

டீச்சர் எழுந்துவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வாதாடியிருந்தால், அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வந்ததும் எழுகிற மாதிரி எழுந்தார்.

"ஒரு நிமிஷம், உள்ள பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உறைபெட்டிகள் இருக்கும் அறைக்குள் ஓடினேன். பார்ப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

"சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறேன்" என்றார். பெங்களூரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "போன தடவை என்கிட்ட, உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு வாய்விட்டு சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாது, வேற வழியில்லாம சொல்றேன். நான் பாக்காம அனுப்பிடாதீங்க. என்ன வேணா பண்ணுங்க. நான் எப்படியாவது வந்துடறேன்."

என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று என்னைப் போன்ற ஆளிடம் சொல்லவே கூடாது.

அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் எந்த எண் என்பதைப் பொறுப்பாளன் என்ற முறையில் நான் திறந்து பார்க்க முடியும். கை அதன்மேல் போய்விட்டது. அளவு அதிகமாக இருந்தால் வெளியே போய், "இருக்கு சார், நல்லா இருக்கு" என்று சொல்லிவிடலாம். மனிதர் நம்பிவிடுவார், டீச்சர் தப்பித்துவிடுவார். குறைவாக இருந்தால்? குறைவாக இருந்தாலும் அதிகம் என்று சொல்லிவிடலாமே என்று அடுத்த நொடியே தோன்றியது. அப்படித் தோன்றியதும் கையை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு ரத்தத்தில் இருக்கிறது என்று நான் சொன்னால், அடுத்த தடவை ரத்தத்தில் குறைந்திருக்கிறது என்று சொல்லும் அன்றைக்கு அந்த மனிதர் மாத்திரையை நிறுத்துவார். இதையெல்லாம் நான் ஞானி போல யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். யோசிக்கும்போது தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தேன். கணவர் கதவருகே நின்றிருந்தார். ரத்தம் எடுக்கும் மஞ்சுளா சிஸ்டர் டீச்சரின் முன்னால் ஒரு பிஸ்கட் தட்டை நீட்டி, "கூத்கொள்ளி மேடம், தொகொள்ளி" என்று உட்காரவைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ரத்தம் கொடுத்தவர்களுக்கான பிஸ்கட் அது. ரத்தம் கொடுக்காத கணவருக்கும் ஒன்று போயிருந்தது. அவர் அதைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"என்ன சார், பாத்தீங்களா?"

இப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். "இருங்க" என்று சொல்லி இரண்டு குழாய்களை எடுத்தேன். இரண்டிலும் தண்ணீர் இருந்தது, எடை சமன் செய்ய நாம் வைத்திருப்போமே, அது. சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிரே போட்டேன், மூடினேன், பொத்தானை அமுக்கினேன். அது உறுமிக்கொண்டு எழுந்தது.

"ஓடட்டும்" என்றேன்.

பொய் சொன்னேனா? ஓடட்டும் என்றுதான் சொன்னேன். ஓடியது. வீட்டில் என் மனைவியிடம் இந்த வாதத்தை வைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை.

கணவர் முகம் மாறிவிட்டது. அவருக்கு மெஷின் தெரியும். உள்ளே ஏதோ நடக்கிறது என்றால் நிற்பார். நாற்காலியை இழுத்து இயந்திரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முகப்பில் சிவப்பு எழுத்தில் நிமிடம் குறைந்துகொண்டே வந்ததை, எந்த மாடியில் லிஃப்ட் இருக்கிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு நிமிடம் நான் பெரிய புத்திசாலி. மூன்றாவது நிமிடத்தில்தான் உறைத்தது. இந்த மனிதர் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார். இயந்திரம் நின்றதும் பதில் வெளியே வரும் என்று நம்புகிறார். நான் நேரம் வாங்கவில்லை, எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே தண்ணீர் சுற்றுகிறது. டாக்டரம்மா சில்க் போர்டில். டீச்சர் தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார், ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை.

மஞ்சுளா என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏன் சார் இது? உள்ள யாரோட சாம்பிள்?"

"யாரோடதும் இல்ல."

"மத்தே? பின்ன என்ன?"

"தண்ணி."

மஞ்சுளா என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடமாக அவரோடு வேலை செய்திருக்கிறேன், அந்தப் பார்வை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "பிஸ்கட் வேற பாக்கெட் பிரிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் அதிர்ந்தது. டாக்டரம்மாவிடமிருந்து ஒரே வரி: நகரவில்லை. நான் கணவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். லிஃப்ட் தொழில் எப்படிப் போகிறது, எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இப்போது எல்லாம் உயரமான கட்டடமாமே, நீங்கள் மேலே நின்று வேலை செய்யும்போது பயம் வராதா என்றெல்லாம். அவர் சிவப்பு எழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமா? மீட்டர் வெச்சா தெரிஞ்சுடும் சார். கரண்ட் வருதா, வரலையா. எங்க தொழில்ல இந்த மனசு கினசு கதையே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்ல சமையல் இல்ல சார். ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்கு வர்றதில்ல. வீட்ல இவ எடுக்கற பாட்டு கிளாஸுக்குப் பசங்க வந்தா கதவத் திறக்கறதில்ல. கேட்டா முடியலைன்றா. காய்ச்சல் இருக்கா, இல்ல. பிரஷர் இருக்கா, இல்ல. எங்கம்மா நடிப்புன்றாங்க. அக்கா நடிப்புன்றாங்க. நான் மட்டும் எத்தன நாளு இல்ல இல்லன்னு சொல்வேன்? கையில காட்டறதுக்கு ஒரு காயிதம் இருந்தா காட்டிடுவேன்."

அவரை நான் வில்லனாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் அந்த வசதியும் போய்விட்டது.

இயந்திரம் இறங்கும் சத்தம் கேட்டது. உறுமல் முனகலாகி, முனகல் மூச்சாகி, நின்றது. பூட்டு சொடுக்கென்று திறந்துகொண்டது. நான் அசையவில்லை. கணவர் எழுந்தார்.

"எடுங்க சார்."

"கொஞ்சம் ஆறட்டும்."

"அது என்ன தோசையா? எடுங்க."

மூடியைத் திறந்து ஒரு குழாயை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். குலுக்கினார்.

"இது என்னது?"

இந்த இடத்தில் எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. சீரம் என்று சொல்லியிருக்கலாம். ரசாயனம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் டீச்சர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வீடு முழுக்க அவரை நடிப்பதாகச் சொல்கிறது. அவர் முன்னால் நானும் நடிப்பதா?

"தண்ணி" என்றேன்.

"தண்ணியா?"

"தண்ணி சார். நீங்க கிளம்பிடக் கூடாதுன்னு ஓட்டினேன். டாக்டர் வர்ற வரைக்கும் உங்கள எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. பயந்துட்டேன்."

அப்போதுதான் கேட்டார், "என்ன சார், இளிக்கிறீங்க?" என்று. என் பல்வரிசையைப் பற்றி விளக்கும் நிலையில் நான் இல்லை. குழாயை மேஜையில் வைத்தார். "எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? படிச்சவங்கன்னா என்ன வேணா பண்ணலாமா? எழுந்திரு" என்று மனைவியின் தோளைத் தொட்டார். டீச்சர் மறுபடியும் கைப்பையை எடுத்தார்.

நான் கதவை மறித்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் பின்னால் நகர்ந்தபோது கதவு முதுகில் இடித்தது, அங்கேயே நின்றுவிட்டேன். வாய் தானாகப் பேசியது.

"சார், அவங்க ரத்தத்தப் பத்தி நான் சொல்லக் கூடாது. சத்தியமா நானும் பாக்கல. என் ரத்தத்தப் பத்தி சொல்லலாம் இல்ல? அது என்னோடதுதானே?"

அவர் நின்றார்.

"ஒவ்வொரு தடவை டெஸ்ட் பண்ணும்போதும் ஒப்பிட்டுப் பாக்க எங்க ஆளுங்க ரத்தத்தையும் கூட வெப்போம். போன மாசம் என்னோடது. உடம்புல எங்க வீக்கம் இருந்தாலும் ஏறுற ஒரு புரதம் இருக்கு. டிப்ரஷன் இருக்கறவங்களுக்கும் சில பேருக்கு அது ஏறுது, அதனால அதையும் பாக்கறோம். அன்னிக்கு வெச்சதுல எல்லாத்துக்கும் மேல போனது என்னோடது. அந்த நம்பர வெச்சுப் பாத்தா இந்தப் பில்டிங்லயே பெரிய நோயாளி நான்தான். மஞ்சுளா சிஸ்டரக் கேளுங்க, எப்பவும் சிரிச்சிட்டிருக்கற ஆளு."

"ஜாஸ்தி சிரிப்பார்" என்றார் மஞ்சுளா, பாராட்டு இல்லாமல்.

"அப்புறம் எதுக்கு ஏறுச்சு?"

வாயைத் திறந்து கடைவாயைக் காட்டினேன். வலப்பக்கம், கீழே, சொத்தைப் பல், ஈறு வீங்கி இருந்தது. பல் டாக்டரிடம் போகப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு லிஃப்ட் மெக்கானிக் டெஸ்டர் பென்சிலைப் போல விரலை நீட்டி என் வாய்க்குள் எட்டிப் பார்த்த காட்சியை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

"ஒரு பல்லுக்கே இப்படிக் காட்டுது. நம்பர் ஏறலைன்னா அவங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல. ஏறினா நோய்னும் அர்த்தம் இல்ல. நாங்க இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கோம். இவங்களுக்கு என்னன்னு தெரியணும்னா, உக்காந்து இவங்களத்தான் கேக்கணும். அத டாக்டர் கேட்டாச்சு. அவங்க வந்துட்டிருக்காங்க."

"மீட்டர்ல தெரியாத ஃபால்ட்டு இருக்குன்னு சொல்றீங்க."

இதற்குப் பதிலை டீச்சர் சொன்னார். அந்த மதியம் முழுவதும் அவர் பேசியது அப்போதுதான். குரல் மிகவும் சின்னதாக இருந்தது, வகுப்பில் பாடம் நடத்தும் ஆளின் குரல் மாதிரி இல்லை.

"அந்த நர்சிங் ஹோம் லிஃப்ட் ஞாபகம் இருக்காங்க?"

கணவர் திரும்பினார்.

"கிறிஸ்துமஸ் சமயம். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னு நின்னு போச்சே. மீட்டர்ல எல்லாம் கரெக்டா காட்டுது, ஆனா நிக்குதுன்னு வந்து சொன்னீங்க. குடில் கட்டக்கூட நீங்க வரல. அப்போ லிஃப்ட் நடிக்குதுன்னா சொன்னீங்க?"

அவர் கை சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைத் தொட்டது.

"அதுகூடவே உக்காந்திருந்தீங்க" என்றார் டீச்சர்.

சென்ட்ரிஃபியூஜின் மூடி திறந்தே கிடந்தது. யாராவது ஏதாவது பேச வேண்டும் என்று என் உடம்பெல்லாம் துடித்தது. அதனால் கேட்கக் கூடாத நேரத்தில், "கடைசியில என்ன ஃபால்ட்டு சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"டோர் கான்டாக்ட்டு. கதவு மூடிடுச்சுன்னு சொல்ற சுவிட்ச்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "சூடானா மட்டும் விட்ரும். நாங்க வந்து செக் பண்றதுக்குள்ள ஆறிடும். ஆறினா மீட்டர்ல ஓகே காட்டும்."

சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்தார். நான் கதவோடு ஒதுங்கினேன். படியிறங்கிப் போய்விட்டார். டீச்சரை அழைக்கவில்லை.

மஞ்சுளாவும் நானும் ஜன்னலுக்குப் போனோம். கீழே அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் வாக்குவாதம் போலிருந்தது. ஆனேக்கல் பஸ் ஒன்று நடுவில் வந்து மறைத்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், நடத்துநர் யாரையோ திட்டினார். பஸ் போனபோது ஆட்டோ இல்லை. அவரும் இல்லை.

"ஹோதரா?" என்றார் மஞ்சுளா. போய்விட்டாரா என்று. எனக்குத் திரும்பி டீச்சரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் தெரிந்துகொண்டுதான் இருந்தார், இரண்டு பேர் ஜன்னலில் அப்படித் தொங்கினால் யாருக்குத்தான் தெரியாது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவர் வந்தார். எதிரே இருந்த தர்ஷினி ஓட்டலிலிருந்து காபி, காகிதக் கோப்பைகளில். ஒரு காபியை இரண்டாக்கித் தரும் பை-டூவை வாங்கி நாலாகப் பிரித்த மாதிரி ஆளுக்குக் கொஞ்சம்தான். முதல் கோப்பையை மனைவியிடம் கொடுத்தார். மஞ்சுளாவுக்கு ஒன்று. என்னிடம் நீட்டும்போது, "இந்தப் பக்கமா குடிங்க, அந்தப் பல்லுல சூடு படப்போவுது" என்றார்.

பிறகு இயந்திரத்துக்கு எதிரே இருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மனைவி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா காரை நடுவழியில் விட்டுவிட்டு யாரோ ஒருவரின் பைக் பின்னால் ஏறி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தபோது, அவர்கள் இருவரும் காபியை முடித்திருந்தார்கள். மூவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தேவையில்லாதது. வெகுநேரம் பேசினார்கள். கணவரின் குரலும் கேட்டது, பெரும்பாலும் கேள்விகளாக.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். உறைபெட்டி அறைக்குப் போய் அந்தத் தெர்மோகோல் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அது உடைந்துவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிதாக ஒன்றுமில்லை. நம்மிடம் வருகிறவர்களில் பலர் ரத்தம் கொடுக்க வருவதில்லை, சாட்சி வாங்க வருகிறார்கள். அந்தச் சாட்சி இன்னும் நம்மிடம் இல்லை. ஒருநாள் இருக்கலாம், நீங்களே கண்டுபிடிக்கலாம், நான் கைதட்டுவேன். அதுவரைக்கும், தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவரை அனுப்பிவிடாதீர்கள். தெரியாது என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் ஒரு டாக்டரும் இருக்க வேண்டும். அந்த நாற்காலிக்காக நான் செய்த கோமாளித்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

சிகிச்சை தொடங்கி எட்டு வாரம் ஆனதும் இரண்டாவது முறை ரத்தம் எடுப்போம் அல்லவா, அதற்கு டீச்சர் வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மெலிந்திருந்தார். ஆனால் மஞ்சுளா கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டார், நமுத்துப்போயிருக்கிறது என்று குறையும் சொன்னார். நான் அவருடைய குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் வைக்கும்போது கணவர் எட்டிப் பார்த்தார்.

"இது தண்ணி இல்லையே?"

"இல்ல சார்."

"பல்லு?"

"பிடுங்கியாச்சு."

தலையாட்டிவிட்டுப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு கிளாஸ் பசங்களில் யாருக்கோ குரல் உடைந்துவிட்டதாம், அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சுழற்சி முடிந்தது, பூட்டு சொடுக்கென்று திறந்தது. பழக்கத்தில் நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இயந்திரத்தின் பக்கம் பார்க்கவே இல்லை.